அக்காவின் கல்யாணத்தில் எழும்பிய கீபோர்ட்

வீட்டில் வைஃபை பாஸ்வேர்ட் தெரிந்த ஒரே ஆளைக் கம்ப்யூட்டர் நிபுணன் என்று ஒரு குடும்பம் நம்பத் தொடங்கினால், அந்தக் குடும்பத்துக்கு ஏதோ நடக்கப்போகிறது என்று அர்த்தம். எங்கள் வீட்டில் அந்த ஆள் நான். (பாஸ்வேர்ட் ரவுட்டரின் அடியிலேயே அச்சடிக்கப்பட்டிருந்தது. அதைத் திருப்பிப் பார்க்க வேறு யாருக்கும் தோன்றவில்லை. நானும் சொல்லவில்லை.)

அப்போது எனக்கு இருபத்துநான்கு வயது. லண்டனின் தெற்கில், மோர்டனில் ஒரு மருந்துக்கடையில் வேலை. ஷாமினி அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை நிரோஷன் லண்டனின் மறுகோடியில் இருக்கும் செவன் கிங்ஸ்காரர், இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றில் வேலை, பரமசாது. அவருடைய அப்பா சேவியர் அங்கிள்தான் பிரச்சினை. மன்னாரில் ஆசிரியராக இருந்தவர். நிச்சயதார்த்தத்துக்கு நாங்கள் ஒரு மணிநேரம் பிந்திப் போனதிலிருந்து, எங்களைப் பொறுப்பில்லாத ஆட்கள் என்று முடிவுகட்டி வைத்திருந்தார். ரயில் ஓடாததற்கு நாங்கள் என்ன செய்வது என்று அப்பா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். "முந்தின ரயிலில வந்திருக்கலாம்" என்று அங்கிள் ஒரே வரியில் முடித்துவிட்டார்.

தேவாலயத்தில் நடக்கும் கல்யாணப் பூசைக்குப் பாட்டும் செபமும் அடங்கிய சின்னப் புத்தகம் இருநூறு பேருக்கு அடிக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. நான் சும்மா இருந்திருக்கலாம்.

"இப்ப ஆர் அங்கிள் புத்தகம் அடிக்கினம்? கோயிலில பெரிய ஸ்க்ரீன் இருக்கு. நான் லப்டொப்பில இருந்து போட்டுக் காட்டுறன்."

அவர் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். "அது ஒழுங்கா வேலை செய்யுமோ தம்பி?"

"ஓம் அங்கிள். நூறு வீதம்."

புத்தகம் நின்றது. அன்று இரவே ஒவ்வொருவராகப் போன் போடத் தொடங்கினேன். ஏனென்றால் என்னிடம் லப்டொப்பே இல்லை.

தோர்ண்டன் ஹீத்தில் இருக்கும் பெரியப்பா மகன் ரெஜி அண்ணையிடம் இரவல் கேட்டேன். புத்தம் புதியது, தொடுதிரை உள்ளது. கல்யாண வீடியோவும் அவர்தான் எடுப்பதாக இருந்தது. லப்டொப்பைத் தரும்போது ஒரு குழந்தையைத் தருவதுபோல இரண்டு கையாலும் தந்தார்.

"ஸ்க்ரீனை மட்டும் தொடாதை. எழுத்து இருக்கிற இடத்தில விரல் பட்டா, கீழேயிருந்து இன்னொரு கீபோர்ட் எழும்பி வரும். உண்மையான கீபோர்ட் இருக்கேக்கை இது என்னத்துக்கு எழும்புது, எப்பிடி நிப்பாட்டுறது எண்டு எனக்கே பிடிபடேல்லை."

"அதெல்லாம் செட்டிங்கிலை இருக்கும் அண்ணை" என்றேன். (எந்த செட்டிங் என்று எனக்குத் தெரியாது. இப்படிச் சொன்னால் எல்லோரும் வாயை மூடிவிடுவார்கள் என்று மட்டும் தெரியும்.)

கல்யாண நாள். பீடத்தின் இடப்பக்கத் தூணோரம் ஒரு சின்ன மேசையில் லப்டொப்பும் நானும். எனக்கு மேலே சுவரில் ஆளுயரத்துக்கு மேற்பட்ட திரை. முதல் பாட்டு சுகமாகப் போனது. சேவியர் அங்கிள்கூட திரையைப் பார்த்துப் பாடினார். கோட்டுக்குள் நனைந்திருந்த என் முதுகு லேசாகக் காய ஆரம்பித்தது.

பிரசங்கம் தொடங்கியதும் அடுத்த பாட்டை ஒருமுறை சரிபார்த்தேன். "இறைவா" என்று வரவேண்டிய இடமெல்லாம் "இரைவா" என்று அடித்திருந்தேன். கடவுளைச் சாப்பாடாக்கி வைத்திருக்கிறேன்! ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். எல்லோரும் பாதரைத்தானே பார்க்கிறார்கள், சட்டென்று திருத்திவிடலாம் என்று நினைத்து, போனில் செய்கிற பழக்கத்தில், அந்தச் சொல்லின்மேல் விரலை வைத்தேன்.

எழும்பியது.

திரையின் கீழ்ப்பாதி முழுவதும், ஒவ்வொரு எழுத்தும் சாப்பாட்டுத் தட்டளவில், ஒரு கீபோர்ட். பிரசங்கத்தில் பாதர் பொறுமையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். இருநூறு தலைகள் மெல்ல அவரைவிட்டு மேலே திரும்பின. என் விரலுக்கடியில் நிஜக் கீபோர்ட் வேலையற்றுப் படுத்திருக்க, சுவரில் அதன் ராட்சதத் தம்பி நின்றது. மூடினேன். இறங்கியது. பிழையைத் திருத்தவென்று மீண்டும் தொட்டேன், மீண்டும் எழும்பியது. நாலைந்து தரம் இப்படி ஏறி இறங்கிய பிறகு, முன்வரிசையில் ஒரு சின்னப்பிள்ளை கைதட்டத் தொடங்கியது. அம்மா செபமாலையை எடுத்துவிட்டார்.

அதற்குள் பிரசங்கம் முடிந்து, அக்காவும் நிரோஷன் அத்தானும் பாதருக்கு முன்னால் வந்து நின்றார்கள். எனக்கு ஒரே அவசரம். கீபோர்ட்டின் மூலையில் இருந்த மூடுகிற குறியை அழுத்தப் போய், எதையோ அழுத்திவிட்டேன். "டிங்" என்று ஒரு சத்தம். கீபோர்ட் போகவில்லை. ஒரு மைக்கின் படம் மட்டும் நீலமாக ஒளிர்ந்தது. அது என்ன என்று யோசிக்கிற நிலையில் நான் இல்லை.

நடைபாதையில் கமராவோடு நின்ற ரெஜி அண்ணை, இங்கே வா என்று கண்ணால் கூப்பிட்டார். வேறு ஏதோ சைகையும் காட்டினார். எனக்கு விளங்கவில்லை. லப்டொப்புக்கு மேலால் குனிந்து கிசுகிசுத்தேன்:

"அண்ணை, வாறன்... அண்ணை, ஏலாது, ஏலாது!"

அந்த மைக், பேசுவதை எழுத்தாக்குகிற மைக். அதற்குத் தெரிந்த மொழி ஆங்கிலம் மட்டும். என் தமிழைக் கவனமாகக் கேட்டு, தனக்குத் தெரிந்த மாதிரி, பாட்டு வரியின் நடுவில், அதே பெரிய எழுத்தில் அது ஆங்கிலத்தில் எழுதியது:

ஆனி வாரன். ஆனி, எ லாடர், எ லாடர்.

ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முழுப் பெயர். பக்கத்தில் இரண்டு ஏணி.

அதே நொடியில் பாதர் கேட்டார்: "முழு மனச் சுதந்திரத்தோடு இங்கே வந்திருக்கிறீர்களா?"

நிரோஷன் அத்தான் பதில் சொல்லவில்லை. திரையை வாசித்துக்கொண்டிருந்தார். அவர் எதை வாசிக்கிறார் என்று அக்காவும் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு அத்தானைப் பார்த்தாள். பாதரின் அங்கியில் குத்தியிருந்த சின்ன மைக், அவள் மெல்லச் சொன்னதைக் கோயில் முழுவதற்கும் ஒலிபரப்பியது.

"ஆர் உது ஆனி?"

"சத்தியமா எனக்குத் தெரியாது."

"ஏணி என்னத்துக்கு?"

"ஷாமினி, எனக்கு ஒண்டுமே தெரியாது!"

இவ்வளவு பதற்றத்தோடு மறுத்தால் யார் நம்புவார்கள்? மாப்பிள்ளைப் பக்கத்து அன்ரி ஒருவர், "ஒபிசில வேலை செய்யிறவளோ?" என்று பக்கத்தவரிடம் கேட்டது எனக்கே கேட்டது. சேவியர் அங்கிள் எழுந்து நின்றுவிட்டார். கல்யாணம் நிற்கப்போகிறது, என்னால் நிற்கப்போகிறது என்று நிச்சயமாகத் தெரிந்தது. "ஐயோ அக்கா, அது நான்!" என்று கத்தினேன். லப்டொப் அதையும் விடவில்லை. ஏதோ ஆங்கிலத்தில் எழுதியது. என்ன எழுதியது என்று பார்க்கத் துணிவில்லாமல் கண்ணை மூடிக்கொண்டேன்.

ரெஜி அண்ணை கமராவை விட்டுவிட்டு ஓடிவந்து, கேபிளைப் பிடித்து ஒரே இழுவை. திரை வெறும் நீலமானது.

"பாதர், லப்டொப் பிழையாக் கேட்டு எழுதிப்போட்டுது" என்று மூச்சிரைக்கச் சொன்னார். "இவன் என்னை அண்ணை எண்டு கூப்பிட்டவன். வாறன் எண்டவன். ஏலாது எண்டவன். அவ்வளவுதான்."

பாதர் அந்த மூன்று சொல்லையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். அவருடைய தோள் குலுங்கியது. அக்கா என்னைப் பார்த்த பார்வையில் நான் இருந்த இடத்திலேயே உருகினேன். ஆனால் பாதர் இரண்டாம் முறை கேட்டபோது, அத்தான் கோயில் அதிரும்படி "ஓம்!" என்றார். கேட்காத கேள்விக்கும் சேர்த்து இரண்டு தரம் சொன்னார்.

கண்டம் அதோடு முடியவில்லை. அடுத்தது பாட்டு. திரையில் சொல் இல்லை, கையில் புத்தகம் இல்லை. ஓர்கன் ஒலிக்கத் தொடங்கியது, இருநூறு பேரும் வாயைத் திறந்துகொண்டு நின்றார்கள். முதல் வரியோடு எல்லாச் சத்தமும் அடங்கிப்போனது. தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொள்ளலாமா என்று பார்த்தேன். தூண் போதவில்லை.

அப்போது முன்வரிசையிலிருந்து ஒரு கனத்த குரல் கிளம்பியது. சேவியர் அங்கிள். கண்ணை மூடிக்கொண்டு, ஒரு சொல்லில்கூடத் தடுமாறாமல் பாடினார். ஒவ்வொரு வரியையும் ஒருமுறை பாடிவிட்டுத் திரும்பிக் கையைக் காட்டினார். வகுப்புப் பிள்ளைகள் மாதிரி எல்லோரும் அவர் பின்னால் பாடினார்கள். ஐந்து சரணம். அந்தக் கோயிலில் நான் கேட்டதிலேயே அழகான பாட்டு அதுதான். அன்று அதை ரசிக்கிற நிலையில் நான் இல்லை.

மண்டபத்தில் சாப்பாட்டு வரிசையில் அவர் எனக்குப் பின்னால் வந்து நின்றார்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அங்கிள்."

"தம்பி, புத்தகம் தானா எழும்பி நிக்காது. நாங்கள் கதைக்கிறதை எழுதவும் எழுதாது." வரிசையில் ஓரடி முன்னால் வந்தார். "ஆனா புத்தகம் இருந்திருந்தா என்னை ஆர் பாட விட்டிருப்பினம்?" என்று சொல்லி, தன் தட்டிலிருந்த கட்லட்டை எடுத்து என் தட்டில் வைத்தார். எங்கள் குடும்பத்துக்கு அவர் கொடுத்த முதல் மன்னிப்பு அந்தக் கட்லட்.

ஆனி வாரன் மட்டும் போகவில்லை. அத்தான் வேலை முடிந்து பிந்தி வந்தால், "ஆனி சுகமோ?" என்று அக்கா கேட்பாள். அங்கிள் ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் அவளுடைய பெயருக்கு ஒரு வாழ்த்து அட்டை எங்கள் விலாசத்துக்கு அனுப்புவார். அக்காவின் மகள் எஸ்தர் இதையெல்லாம் கேட்டே வளர்ந்தாள். சென்ற வருடம் பள்ளிக்கூடத்தில் குடும்பப் படம் வரையச் சொன்னபோது, எல்லோருக்கும் நடுவில் ஒரு கட்டம் போட்டு "ஆனி வாரன்" என்று எழுதியிருக்கிறாள். ரீச்சர் அக்காவைக் கூப்பிட்டு, இந்தப் பெண் உங்களுக்கு என்ன உறவு என்று தயக்கத்தோடு விசாரித்தாராம்.

அக்கா கண்ணைக்கூட இமைக்கவில்லை. "என்ர தம்பி" என்றாளாம்.

அதற்கு அடுத்த மாதம் எஸ்தரின் பள்ளிக்கூட நாடகத்துக்குப் போனேன். வாசலில் இருந்த பெண்மணியிடம் எஸ்தரின் மாமா என்றேன். அவர் விருந்தினர் பட்டியலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மீண்டும் பட்டியலைப் பார்த்தார். பிறகு ஆனி வாரன் என்று பெயர் எழுதிய ஸ்டிக்கரை நீட்டினார். அதைச் சட்டையில் ஒட்டிக்கொண்டு உள்ளே போனேன்.