என் சொல் கேட்ட தொட்டாற்சிணுங்கி

தோற்றதை ஒப்புக்கொள்ளும் பழக்கம் எனக்குக் கிடையாது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, திருநெல்வேலியிலிருந்து வந்து, திருவனந்தபுரம் சாலை பஜாரில் இரண்டு இரும்புக்கடை போட்டவன் நான். (மூன்றாவதுக்கு இடம் பார்த்தாயிற்று.) அப்படிப்பட்ட நான் ஒரு சாண் உயரச் செடியிடம் தோற்றேன்.

மகள் மீனாவைப் பெண் பார்க்கக் கரமனையிலிருந்து வருவதாகச் சொன்னார்கள். பையனுக்கு அவள் ஆபீஸிலேயே வேலை, அவளுக்குப் பிடித்திருந்தது. இந்த இடம் கைநழுவக் கூடாது. ஆனால் பையனின் அம்மா, கல்லூரியில் தாவரவியல் நடத்தி ஓய்வுபெற்ற டீச்சர். என் படிப்பைக் கேட்டு முகம் சுளித்துவிட்டால்? அவர் பாடத்திலேயே அவரை அசத்திவிடுவது என்று முடிவெடுத்தேன்.

வித்துராவில் சாலையோரம் பிடுங்கிய தொட்டாற்சிணுங்கி ஒன்றைத் தொட்டியில் நட்டுக் கடை மேசையில் வைத்தேன். என் குரலுக்கு அது அடங்குவதாகக் காட்டத் திட்டம். சூட்சுமம் சின்னது: "கும்பிடு!" என்று அதட்டும்போதே மீசைக்கடியில் ஃபூ என்று ஓர் ஊது. இலைகள் கைகூப்பிவிடும். வாடிக்கையாளர்கள் வாயைப் பிளந்தார்கள். ஒரு வாரம் ஓயாமல் ஊதினேன். செடி நான் உட்காரும் பக்கமே சாயத் தொடங்கியது. "மரியாதை தெரிஞ்ச செடி" என்றேன். (என் முதுகுக்குப் பின்னால் ஜன்னல் இருந்தது. வெளிச்சத்துக்குச் சாய்ந்திருக்கிறது, கழுதை.) கடைசி இரண்டு நாள் மூடுவதில் கொஞ்சம் மெத்தனம். பயிற்சி போதவில்லை என்று இன்னும் ஊதினேன்.

வந்தார்கள். காப்பிக்கு முன்பே தொட்டியை நடுக்கூடத்தில் வைத்தேன்.

"டீச்சர், இது என் பேச்சுக்கு மட்டுந்தான் அடங்கும்."

"அப்படியா அண்ணாச்சி? பாத்துருவோம்." டீச்சர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்தார்.

"கும்பிடு!" ஃபூ.

ஒரு இலைகூட மூடவில்லை.

"கும்பிடுலே!" ஃபூ, ஃபூ.

ஜம்மென்று விரித்துக்கொண்டு நின்றது.

"அய்யோ அப்பா, மதி, போதும்!" என்றாள் மீனா. அழுதுவிடுவாள் போலிருந்தது.

"சாரமில்ல அண்ணாச்சி, விடுங்க," என்றார் டீச்சர்.

விடுவேனா? அடிவயிற்றிலிருந்து மூச்சை இழுத்து ஊதினேன். காற்றோடு என் மேல்வரிசைப் பல்செட்டும் கிளம்பிப் போய்ச் செடியின் உச்சந்தலையில் விழுந்தது.

அத்தனை இலையும் படக்கென்று கைகூப்பின.

"ஃபாத்தீங்ஹளா? கேட்டுருச்சு!" என்றேன், பொக்கை வாயோடு.

மீனாவும் பையனும் ஒரே நேரத்தில் வெடித்துச் சிரித்தார்கள். டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "அண்ணாச்சி, உங்க ஊதல் அதுக்குப் பழகிப்போச்சு. இதனால ஆபத்தில்லன்னு ஆனா, செடி சும்மா சும்மா மூடாது. பல்லு புதுசு அல்லே? அதான் பயந்துட்டு."

காப்பித் தட்டோடு வந்த என் மனைவி சண்முகத்தாய் கேட்டாள்: "அதுக்கு ஒரு வாரமா ஆச்சு டீச்சர்? எனக்குக் கல்யாணத்தன்னிக்குச் சாயங்காலமே பழகிட்டு."

டீச்சர் காப்பியை எடுத்துக்கொண்டார். "பிள்ளைங்க ரெண்டும் சேந்து சிரிச்சாச்சு. இனி என்னத்தப் பாக்கணும்?"

இன்று பேரன் பேத்தி எடுத்தாயிற்று. "அந்தக் காலத்துல ஒத்தை ஆளா நின்னு..." என்று நான் தொடங்கினால் வீட்டில் ஒருவரும் அசைவதில்லை. பேத்தி மட்டும் செல்போனிலிருந்து தலையைத் தூக்காமல் சொல்வாள்:

"தாத்தா, பல்லைக் கழட்டி எறிஞ்சுட்டுச் சொல்லுங்க. அப்பத்தான் கேக்கும்."