பாடம் பாஸ், நான் ஃபெயில்

இன்னிக்கு எனக்கு ஒரே ஒரு வேலைதாங்க. காலேஜ் பாடக்குழுவுல என் பாடத்தைப் பொதுப்பாடமா ஒத்துக்க வைக்கணும்.

பொதுப்பாடம்னா எல்லாத் துறைப் பசங்களும் படிக்கலாம். படிச்சா எனக்கு வகுப்பு இருக்கும். வகுப்பு இருந்தாத்தான் என்னை மாதிரி கௌரவ விரிவுரையாளருக்கு அடுத்த பருவத்துல நாற்காலி இருக்கும்.

பாடத்தோட பேரு 'நம்ம ஊர்த் தண்ணி'. ஆறு, வாய்க்கால், மடை, வடிகால், கடல் முகம்னு அஞ்சு அலகு. ஆத்துத் தண்ணி கடைசியா வந்து சேர்ற கடைமடை ஊரு எங்க வரிச்சிக்குடி. அந்த ஊர்க்காரன் வேற எதைப் பத்தி எழுதுவான்!

உள்ள போறதுக்கு முன்னாடி தமிழ்த்துறை செல்வி அக்கா கூப்பிட்டுச் சொன்னாங்க. "தம்பி, உள்ள யாரும் எதையும் எதுக்க மாட்டாங்க. 'ஒரு சின்ன யோசனை'ம்பாங்க. நீ 'நல்ல யோசனைங்க'ன்னு மட்டும் சொல்லு. வாதாடுன, போச்சு!"

வாதாடுறதா? நானா? ஆட்டோக்காரர்கிட்ட நிறுத்தச் சொல்லவே கூச்சப்பட்டு ரெண்டு தெரு தள்ளி இறங்குற ஆளு நான்.

வணிகவியல் சார் ஆரம்பிச்சாரு. "ஒரு சின்ன யோசனை. ஆறு எதுக்கு? அது பாட்டுக்கு ஓடுது. அந்த இடத்துல தண்ணி வியாபாரம் வைப்போமே."

"நல்ல யோசனைங்க சார்."

கணினி மேடம் நிமிர்ந்தாங்க. "வாய்க்காலுக்குப் பதிலா செயலி உருவாக்கம்?"

"நல்ல யோசனைங்க மேடம்."

இயற்பியல் சார் யோசனையில மடை போச்சு, அந்த இடத்துல அழுத்தம் வந்துச்சு. ஆங்கிலத்துறை சார், "பசங்களுக்கு இன்டர்வியூவுல பேசவே வரலப்பா"ன்னு பேச்சுப் பயிற்சிக்காக வடிகால வாங்கிக்கிட்டாரு. எனக்கே பேச வரலீங்க, அவருக்கு என்னத்தச் சொல்ல!

மிச்சம் கடல் முகம். அதையாவது காப்பாத்திடலாம்னு இருந்தேன்.

முதல்வர் அம்மா கண்ணாடியக் கழட்டுனாங்க. "பொதுப்பாடம்னா பொதுவா இருக்கணும் தம்பி. கடல்னா ஒரு ஊருக்குத்தான் இருக்கும். யோகா வச்சா எல்லாருக்கும் ஆகும். பேரையும் 'வாழ்க்கைத் திறன்கள்'னு மாத்திடுவோம்."

"நல்ல யோசனைங்கம்மா." பழகிப்போன வாயி!

"யாரு நடத்துறது?"ன்னு கேட்டாங்க. சட்டு சட்டுன்னு கை தூக்குனாங்க. "என் அலகை நானே எடுத்துக்கிறேன்." "நானும்." யோகாவுக்கு விளையாட்டு சார்.

அப்பத்தான் எனக்கு உறைச்சுச்சு. அஞ்சு அலகுக்கும் ஆள் ஆயாச்சு. என்னத்தான் காணோம்!

"ஆட்சேபணை உண்டா?"

வாழ்க்கையில முதல் தடவையா எந்திரிச்சேன். "அம்மா... அந்தப் பாடத்துல கொஞ்சமாச்சும் தண்ணி..."

சரியா அந்த நேரத்துல வடை வந்துச்சு. முதல்வர் அம்மா தட்டை என் பக்கம் நகர்த்தி, அன்பா சிரிச்சாங்க.

"நல்ல யோசனை தம்பி!"

அது வெறும் வாய்ப்பேச்சுன்னு அந்த அறையிலயே என்னைவிட நல்லாத் தெரிஞ்சவன் எவன்? உக்காந்து வடையத் தின்னேன்.

வெளியில செல்வி அக்கா ஓடி வந்தாங்க. "பாஸாயிடுச்சாமே! அப்புறம் ஏன்டா மூஞ்சிய இப்படி வச்சிருக்க?"

"ஆளாளுக்கு ஒரு மடையத் திருப்பிக்கிட்டாங்கக்கா. நான் கடைசியில நின்னேன்."

"உனக்கு ஒண்ணுமே வரலியா?"

"கடைமடைக்காரனுக்கு என்னைக்குக்கா தண்ணி வந்துச்சு? வடைதான் வந்துச்சு."