செஸ்நட் அண்ணையின் ஆண்மரம்

நடந்தவை இவை:

1. 2009 மே மாதம் வன்னியில் போர் முடிந்தது.
2. ஜூலையில் செஸ்நட் அண்ணை தன் மரத்துக்கு ஆணி அடித்தார்.
3. பொலிசைக் கூப்பிடப்போவதாக அவருடைய மனைவி சத்தம் போட்டார்.
4. பொலிசுக்குப் பதிலாக என்னைக் கூப்பிட்டார்.

மரத்தோடு வாக்குவாதப்பட்டு, அதனிடம் பதிலும் எதிர்பார்த்த மனிதர் ரொறன்ரோவில் அவர் ஒருவர்தான். மல்வேர்னில் எங்களுக்குப் பக்கத்து டவுன்ஹவுஸ். அகதியாக வரும் வழியில் பாரிசில் தெருவோரம் வறுத்து விற்ற செஸ்நட் கொட்டை சாப்பிட்டவர், அந்த ருசிக்காகவே பின்வளவில் கலப்பினச் செஸ்நட் கன்று ஒன்றை நட்டார். பனிக்காலத்தில் அதற்குத் தன் பழைய ஜாக்கெட்டைப் போட்டு, ஸிப்பும் பூட்டிவிட்டார்.

நான் தோட்டக்கலை படித்துவிட்டு ஒரு நாற்றுப்பண்ணையில் வேலை செய்துகொண்டிருந்தேன். ஓடிப் போனபோது அண்ணை சுத்தியலோடு நின்றார்.

“பிள்ளை, உது ஆண்மரம். உந்தத் தொங்கிற பூவைப் பார். அச்சொட்டா ஆண்பனைப் பாளை! ஊரில ஆண் பப்பாசிக்கு ஆணி அடிச்சாக் காய்க்கும்.”

“ஐயோ அண்ணை, இதில ஆண்பூவும் பெண்பூவும் ஒரே மரத்திலதான். ஆனால் தன்ர மகரந்தம் தனக்கு உதவாது. வேற செஸ்நட் மரம் ஒண்டு கிட்ட நிக்கவேணும். ஆணி அடிச்ச காயத்தால பூஞ்சணம் போனால் மரமே பட்டுப்போகும்.”

“வாங்கேக்க ஒருத்தரும் சொல்லேல்லையே!”

“லேபிளில இருந்திருக்கும்.”

“கன்று வாங்கிறவன் லேபிள் வாசிக்கிறவனே?”

அவருடைய மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுபவர், என்னைக் குசினிக்குள் இழுத்தார்.

“வன்னியில நிண்ட இவற்ற தம்பியைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. முகாமில இருக்கிற சனத்திட்டயும் கேட்டுப் பாத்தாச்சு. மரம் காய்ச்சால் அவன் உயிரோட இருக்கிறான் எண்டு மனசில வைச்சிருக்கிறார்.”

“காய்க்காட்டி?”

அக்கா அடுப்பை நிறுத்தினார்.

தனியே நிற்கும் அந்த மரம் எந்த வருடமும் காய்க்கப் போவதில்லை. அதனிடம் போய் ஓர் உயிரைக் கேட்டிருக்கிறார்.

நகரத்துக்கு வெளியே ஸ்ரௌவ்வில் என்ற ஊர்ப்பக்கம் ஒரு பண்ணையில் செஸ்நட் பூத்திருப்பதாக அறிந்து, சனிக்கிழமை காரை எடுத்தேன். அண்ணை பட்டு வேட்டி சால்வையோடு வந்து ஏறினார்.

“என்ன அண்ணை இது?”

“மாப்பிள்ளை எடுக்கப் போறம். ஜீன்சோட போறதே?”

பண்ணைக்காரர் ஒரு வெள்ளைக்காரர். மகரந்தம் நிறைந்த ஆண்பூக்களை வெட்டித் தந்தார். அண்ணை மரியாதையாக வெற்றிலை நீட்டினார். அவர் அதை மென்று, கண் கலங்க, நன்றாக இருப்பதாகப் பொய் சொன்னார். மாப்பிள்ளை ஐஸ்கிரீம் டப்பாவில் மல்வேர்ன் வந்து சேர்ந்தார். அண்ணை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏணியில் ஏறி, அக்காவின் பவுடர்ப் பஞ்சால் பூப்பூவாக ஒற்றினார்.

“உதென்ன கூத்து?” என்றார் எதிர்வீட்டு அன்ரி.

“கலியாணம்! சாப்பாடு ஒக்டோபரில!”

ஒக்டோபரில் முள்ளுக்கூடுகள் வெடித்தன. உள்ளே மினுங்கும் கபிலக் கொட்டைகள். நான் துள்ளினேன். அண்ணை ஒன்றை எடுத்து உள்ளங்கையில் உருட்டினார்.

“உது செல்லாது, பிள்ளை.”

“ஏன் அண்ணை?”

“நாங்கள் காய்க்கப் பண்ணினது. மரம் தானாச் சொல்லவேணும்.”

கொட்டைகளை வறுத்து எங்களுக்குத் தந்தார். தான் ஒன்றும் தொடவில்லை. அடுத்த வசந்தத்தில் பக்கத்திலேயே இன்னொரு கன்று நட்டார்.

இப்போது இரண்டாவது மரமும் பூக்கிறது. யாரும் ஏணி வைக்காமலே இரண்டும் காய்க்கின்றன. தம்பியைப் பற்றி இன்றுவரை தகவல் இல்லை. ஒவ்வொரு ஒக்டோபரிலும் முதல் கொட்டை விழும் அன்று அண்ணை எனக்குப் போன் எடுப்பார்.

“பிள்ளை, தானாக் காய்ச்சிருக்கு.”

“ஓம் அண்ணை” என்பேன். அவரோடு நான் இப்போது தோட்டக்கலை பேசுவதில்லை.