டிராஃப்ட் சார் அனுப்பிய ஏரோகிராம்

டெக்சாஸ் மாநிலத்திலேயே உப்புமாவுக்கு இரண்டாவது டிராஃப்ட் போட்ட ஒரே மனிதர் எங்கள் டிராஃப்ட் சார்தான். முதல் உப்புமாவைக் கிண்டி, ருசி பார்த்து, "ஐடியா இருக்கு, ஃபோகஸ் இல்ல" என்று ஓரமாக வைத்துவிட்டு மறுபடி ரவை வறுப்பார். இரண்டையும் நான்தான் தின்றேன்.

எண்பதுகளின் நடுவில் ரிச்சர்ட்சனில் நாங்கள் இருவரும் ஒரே அபார்ட்மென்ட். நான் டெலிபோன் கம்பெனி இன்ஜினீயர். அவர் முக்கால் மணி நேரம் கார் ஓட்டிப்போய், ஒரு கல்லூரியில் அமெரிக்கப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷில் கட்டுரை எழுதச் சொல்லிக்கொடுப்பார். திருச்சிக்காரர் டெக்சாஸ்காரனுக்கு இங்கிலீஷ் சொல்லித் தருவதா என்று நான் சிரித்தால் கோபம் வந்துவிடும்.

"இது இங்கிலீஷ் இல்லப்பா, ரைட்டிங்! ஒருத்தன் எப்படி யோசிச்சு எழுதறான்னு ரிசர்ச் பண்றோம். இது தனி சப்ஜெக்ட்!"

அந்த சப்ஜெக்ட் அப்போதுதான் முளைவிட்டிருந்தது. அவருடைய டிபார்ட்மென்டில் இலக்கியம் நடத்துகிற பெரியவர்கள் அதைப் பிழை திருத்தும் வேலை என்றார்கள். இவரோ சிவப்பு மையையே தொடமாட்டார். பென்சிலால் ஓரத்தில் கேள்விதான் கேட்பார். ஃப்ரிட்ஜில் நான் 'பால் இல்லை' என்று எழுதி ஒட்டினால், சாயங்காலம் அதன் கீழே 'யாருக்கு எழுதியது? படிப்பவர் என்ன செய்ய வேண்டும்?' என்று இருக்கும். பால் மட்டும் வந்திருக்காது.

அவர் மனைவிக்குத் திருச்சியில் பேங்க் உத்தியோகம். விசா வாங்கி, வேலையை ராஜினாமா செய்து, இங்கே வர டிக்கெட்டும் போட்டுவிட்டார். அந்த வாரம்தான் கல்லூரி இவருடைய கான்ட்ராக்டைப் புதுப்பிக்க மறுத்தது. ரைட்டிங் ஒரு சப்ஜெக்டே இல்லையாம். வேலை போனால் விசாவும் போச்சு.

"போன் பண்ணிச் சொல்லிடுங்க சார்" என்றேன்.

"குரல் உடைஞ்சிடும்பா. எழுதறேன்."

ஒன்பது டிராஃப்ட் எழுதினார். எனக்குக் கிண்டல்கூட வரவில்லை. கடைசியில் ஒரு ஏரோகிராம் கடிதத்தை மடித்து ஒட்டித் தபாலில் போட்டார்.

இரண்டு வாரம் கழித்து, காலையில் ட்ரங்க் கால். அவர் மனைவிதான்.

"அண்ணா, அவருக்கு உடம்புக்கு என்ன? மறைக்காம சொல்லுங்க."

"ஒண்ணுமில்லையேம்மா!"

"'இங்கு அனைவரும் நலம், அங்கு அனைவரும் நலமா'ன்னு ரெண்டே வரி எழுதியிருக்கார். அவர் அப்படி எழுதற ஆளா? பக்கம் பக்கமா சண்டை போடுவாரே!"

அந்த அபார்ட்மென்டில் அனைவரும் என்றால் அவரும் நானும்தான். இரண்டு பேருமே நலமில்லை. வேலை போனதைச் சொன்னேன்.

"உயிரோட இருக்கார் இல்ல? அது போதும். கிளம்பி வரட்டும். போனைக் கொடுங்க."

சார் வாங்கிக்கொண்டார். தலையாட்டினால் திருச்சிக்குத் தெரியும் என்று நினைத்தாரோ என்னவோ, ஆட்டிக்கொண்டே இருந்தார். மூக்குக்கண்ணாடி நனைந்துவிட்டது.

அடுத்த வாரம் ஏர்போர்ட்டில் கொண்டு விட்டேன். பெட்டி நிறையப் பிள்ளைகளின் கட்டுரைகள். துணிமணி ஒரு கைப்பையில். இப்போது அந்த சப்ஜெக்டுக்குப் பல இடங்களில் தனி டிபார்ட்மென்டே இருக்கிறதாம். கேள்விப்பட்டபோது அந்தக் கல்லூரியை மனசாரத் திட்டினேன்.

அவரை எனக்கு அவ்வளவு பிடிக்கும் என்பது, அன்று வீடு திரும்பிக் கதவைத் திறந்தபோதுதான் தெரிந்தது. நான் அங்கே இருந்த மீதி வருஷங்களில், அந்த அறைக்கு வேறு ஆளே சேர்க்கவில்லை.