ஈட்டியோடு போன மாப்பிள்ளை

பொருள்சொல்லி என்றோர் இனம் நம் நாட்டில் உண்டு. பி.ஏ. தேறிய மறுநாளே முளைத்துவிடும். நீங்கள் தலைவலி என்றால் அது எந்த வேற்றுமைத் தொகை என்று சொல்லுமே தவிர, மாத்திரை வாங்கித் தராது. கண்டக்டரிடம் பயணச்சீட்டு என்று கேட்டு, அவர் விழிப்பதை ரசித்து, 'பயணம்' பிறந்த கதையைப் பக்கத்து சீட்டுக்காரருக்கு விளக்கி, ஸ்ரீபெரும்புதூரில் இறங்க மறந்து, சுங்குவார்சத்திரத்திலிருந்து நடந்தே திரும்பும். திருந்துமா? திருந்தாது.

வடக்குப்பட்டு கோதண்டராமன் அந்த இனத்தில் அசல் வித்து. ஊரின் முதல் பட்டதாரி, தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. ஐந்து வரன் தட்டிப்போய், ஆறாவதாகப் பிள்ளைப்பாக்கத்தில் கங்காவைப் பார்க்கப் போனான். கதவிடுக்கில் அவள் சிரித்ததைக் கண்டதும், இவளை விட்டால் வேறு கல்யாணமே வேண்டாம் என்று முடிவு கட்டிவிட்டான்.

பெண்ணின் அப்பா தாண்டவராயன் எல்லாரும் கேட்பதைத்தான் கேட்டார்.

"மாசம் இன்னா சம்பாரிக்கிறீங்க தம்பி?"

நூற்றிருபது ரூபாய் என்றால் தீர்ந்தது. சொல்வானா?

"நான் பொருளை ஈட்டி வாழ்பவன்."

தாண்டவராயன் முகம் வெளுத்தது. அவருக்குத் தெரிந்த ஈட்டி ஒன்றுதான்: தடியும் முண்டாசுமாக வாசலில் குந்தி வட்டி கேட்கும் ஈட்டிக்காரன்.

"வட்டிக்கு வுடற ஆளா? குமாஸ்தான்னுதானே சொன்னீங்கோ?"

கோதண்டராமனின் மாமா நடேசன் அவன் தொடையைக் கிள்ளினார். "சம்பளத்தச் சொல்லித் தொலடா!"

"பதறாதீர்கள் மாமா. ஈட்டு என்பது பகுதி. ஈட்டி, வினையெச்சம்."

"எச்சமா?" என்று எழுந்துவிட்டார் தாண்டவராயன். "பலகாரம் துன்ற எடத்துல இன்னா பேச்சு இது?"

உள்ளிருந்து கங்காவின் குரல் வந்தது. "நைனா, சம்பாரிக்கிறேன்னுதான் சொல்றாரு. எனக்குப் புரியுது."

கோதண்டராமனுக்கு நெஞ்சு குளிர்ந்தது. தாண்டவராயனும் உட்கார்ந்தார். "அப்படியா மாப்ளே? சம்பாரிக்கிறீங்களா?"

மாப்ளே! தலையை ஆட்டினால் போதும், தாலிக்குப் பொன் உருக்கிவிடலாம். ஆட்டத்தான் போனான். ஆனால் அந்த 'ரி' இருக்கிறதே, அது காதில் புகுந்து குடைந்தது, நாக்கு நுனிக்கு வந்தது, எவ்வளவு விழுங்கியும் இறங்கவில்லை.

"'சம்பாரி' அல்ல, 'சம்பாதி'. பெண்ணின் உச்சரிப்பும் பிழை."

உள்கதவு படீரென்று சாத்திக்கொண்டது. "வாணாம் நைனா! இவரோட சண்டை போட்டாக்கூட தப்புத் திருத்துவாரு."

போகட்டும். 'சம்பாதி' தமிழே இல்லையே, வடசொல்லாயிற்றே என்று இதைப் படிக்கும்போதே உங்களுக்கு நாக்கு அரித்ததா? அரித்ததா, இல்லையா? கல்யாணம் ஆகாதவரென்றால், பெண் பார்க்கும் இடத்தில் வாய் நிறையக் கேசரியை அடைத்துக்கொள்ளுங்கள்.

ஆனவரென்றால், பாவம் அந்த அம்மாள்.