நடுநிலைத் தமையன்

உலகச் சண்டைகளைப் பற்றிக் கருத்துச் சொல்வது சுகமான வேலை. சண்டை பிடிக்கிறவர்கள் யாரும் நாங்கள் எழுதுவதை வாசிப்பதில்லை. ஆகவே கெட்டுப்போகவும் ஒன்றுமில்லை. நான் பல்கலைக்கழகத்தில் சர்வதேசப் பிணக்குத் தீர்வு படிப்பிக்கிறவன். கலாநிதிப் பட்டம் எடுத்த புதிதில், ஒருநாளும் போயிராத இரண்டு நாடுகளுக்கு நடுவே எல்லைக்கோடு எங்கே வரவேண்டும் என்று பெரிய கட்டுரை எழுதினேன். இரண்டு நாடுகளும் இன்றுவரை பதில் போடவில்லை.

அந்தக் கொழுப்போடு நான் திரிந்த நேரத்தில்தான் தங்கச்சி வாணிக்குக் கல்யாணம் பொருந்தியது. மாப்பிள்ளை பளை, நாங்கள் வவுனியா நெளுக்குளம். சாதகம் பொருந்தி, பிள்ளைகளுக்கும் பிடித்து, மிச்சமிருந்தது ஒரேயொரு கேள்வி: கல்யாணம் பளையிலா, வவுனியாவிலா? அம்மா போனிலேயே கதைத்து முடித்திருப்பா. நான் விடவில்லை.

"இதை முறையாச் செய்யவேணும் அம்மா. நான் நடுநிலையா இருந்து பேச்சுவார்த்தை நடத்துறன்."

"நீ பொம்பிளையின்ரை தமையனடா. உனக்கென்ன நடுநிலை?"

அம்மாவுக்குச் சர்வதேச நடைமுறை தெரியாது என்று மனதுக்குள் இரங்கினேன். (அப்பா உயிரோடு இருந்திருந்தால் செவிட்டைப் பொத்தி ஒரு அறை தந்திருப்பார்.)

நடுநிலையான பேச்சுக்கு நடுநிலையான இடம் வேண்டுமே. வரைபடத்தில் அளந்து பார்த்தேன். நடுப்புள்ளி மாங்குளம் தாண்டி ஏ9 வீதியோரப் பற்றைக்காட்டில் விழுந்தது. மாங்குளத்தில் நல்ல சாப்பாட்டுக் கடைகள் இருக்கின்றனவே என்று அம்மா கேட்டா. அது எங்கள் பக்கத்துக்குச் சாய்ந்த இடம் என்று மறுத்துவிட்டேன். பற்றைக்குப் பக்கத்தில் ஒரு மரத்தடியில் வாடகைக் கதிரைகளை இரண்டு வரிசையாகப் போட்டு, இரண்டு வீட்டாரையும் வான்களில் அங்கே வரவழைத்தேன்.

எழுந்து நின்று, "இந்தக் கல்யாணத்தில நான் ஒரு பக்கமும் இல்லை" என்று அறிவித்தேன். வாணி என்னை ஒருமாதிரிப் பார்த்தாள்.

"முதலாவது விஷயம், மனக்குறைகள். ரெண்டு பகுதியும் மனம்விட்டுச் சொல்லுங்கோ."

மாப்பிள்ளையின் தகப்பன் நல்ல மனுசன். "எங்களுக்கு ஒரு குறையும் இல்லைத் தம்பி. வவுனியா எண்டாலும் ஓம்தான்."

சண்டை அங்கேயே முடிந்துவிட்டது. மூளையுள்ளவன் கதிரைகளை அடுக்கியிருப்பான்.

"மாமா, இடம் நாலாவதாத்தான் வருது. இப்ப மனக்குறை. வடிவா யோசியுங்கோ, ஏதாவது இருக்கும்."

மாமா பாவம், யோசித்தார். "அப்பிடிக் கேட்டால்... பொம்பிளை பார்க்க வந்தண்டைக்குக் கதிரை காணாமல் என்ரை தம்பி முற்றத்தில நிண்டவன்."

"அவர் போன் கதைக்கவெண்டெல்லோ எழும்பிப் போனவர்" என்றா அம்மா. "நான் சுட்ட வடையைக் கடிச்சுப்போட்டு வைச்சவையை நான் ஏதும் கேட்டனானே?"

"உப்பில்லாட்டி என்ன செய்யிறது?" என்றா மாப்பிள்ளையின் தாய், மாமி.

பிறகு என்ன, கேட்கவா வேண்டும்? வடையிலிருந்து வளர்ப்புக்குப் போனார்கள், வளர்ப்பிலிருந்து வம்சத்துக்குப் போனார்கள். நான் "ஒராள் ஒராளாக் கதையுங்கோ" என்று குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் மாமா எழுந்து சால்வையை உதறினார். "இந்தச் சம்பந்தம் சரிவராது. வானை எடுங்கோ."

தங்கச்சியின் வாழ்க்கையை நானே நாசமாக்கிவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது. வாயைத் திறந்தால், "தேநீர் இடைவேளை" என்று வருகிறது. கண்ணுக்கெட்டிய தூரத்துக்குத் தேநீர்க்கடை இல்லை.

வாணி கண்ணைத் துடைத்துக்கொண்டு நடுவில் வந்து நின்றாள்.

"மாமா, காலமை வெளிக்கிடேக்கை உங்களுக்கு எங்களோடை கோவம் இருந்ததோ?"

"இல்லைப் பிள்ளை."

"அம்மா, உங்களுக்கு?"

"எனக்கென்ன கோவம்."

"அப்ப இதை ஆர் துவக்கினது?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அன்றைக்கு இரு தரப்பும் ஏகமனதாக ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான். மாமி இடியப்பப் பார்சலை அவிழ்த்தா, அம்மா சுடுதண்ணிப் போத்தலில் கொண்டுவந்த பிளேன்ரீயை ஊற்றினா. இடியப்பம் முடிவதற்குள் கல்யாணம் வவுனியாவில், வரவேற்பு பளையில் என்று தீர்ந்தது. மாமி என் பக்கம் ஒரு பார்சலை நீட்டி, "தம்பி, நடுநிலையான ஆக்கள் எங்கடை சாப்பாடு சாப்பிடலாமோ?" என்று கேட்டா. நான் ரோசத்தில் வேண்டாம் என்றேன். (நல்ல சொதி. வாசம் இன்னும் மூக்கில் நிற்கிறது.)

உண்மையான அடி வீடு திரும்புகிற வானுக்குள் விழுந்தது. எங்கள் முறையில் மாப்பிள்ளையின் காலைக் கழுவி, கைபிடித்து மண்டபத்துக்குள் கூட்டிவருவது பெண்ணின் சகோதரன். மாப்பிள்ளை அவனுக்கு மோதிரம் போடுவார். அவன்தான் தலைப்பாகையோடு பக்கத்தில் தோழனாக இருப்பான். வாணிக்கு நான் ஒரே தமையன்.

"அண்ணா ஒரு பக்கமும் இல்லையாம்" என்றாள் வாணி, ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி. "பெரியம்மான்ரை மகன் ரூபனைத் தோழனாக் கேப்பம்."

பகிடி என்று நினைத்தேன். கல்யாணத்தன்று ரூபன் தலைப்பாகையும் மோதிரமுமாக இருந்தான். நான் வாசலில் நின்று இரு தரப்புக்கும் சரிசமமாகப் பன்னீர் தெளித்தேன். தாலி கட்டும்போது பின்வரிசையில் நின்று நன்றாக அழுதேன். எந்தப் பக்கத்துக்காக என்று யாரும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு வீட்டிலும் ஒரு பழக்கம் வந்துவிட்டது. போன மாதம் வாணியின் இரண்டாவது பிள்ளைக்கு என்ன பெயர் வைப்பது என்று கதை சூடாகத் தொடங்கியது. நான் கதிரையை நடுவுக்கு இழுத்தேன். அம்மா மாமியைப் பார்த்தா, மாமி வாணியைப் பார்த்தா.

"அண்ணா, கடைக்குப் போய்ச் சீனி வாங்கிக்கொண்டு வாங்கோ" என்றாள் வாணி.

குசினியில் இரண்டு பைக்கற் சீனி உடைக்காமல் இருந்தது. எனக்கும் தெரியும். சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். திரும்பி வந்தபோது பிள்ளைக்குப் பெயர் வைத்தாயிற்று.