தெமெதெர் பிரபுவின் மெய்யான மகன்

கெரெக்வார்,
செப்டம்பர் 10, புதன்கிழமை.

அன்பு மகன் கெல்லெர்டுக்கு,

உன் பெரியப்பா அம்புருஷ் எழுதிக்கொள்வது. நானும் உன் பெரியம்மா எத்தெல்காவும் நலம். உன் அக்கா, எங்கள் பிரோஷ்கா நலம். பன்றிகள் இரண்டும் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். எட்டு வருஷமாக ஒரு வரி எழுதாதவனுக்கு உடம்புக்கு என்ன வந்துவிடப் போகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். வருகிற ஞாயிறு, திராட்சை அறுவடைத் திருவிழாவில், மாதாகோயில் முன்னால் நம் மூதாதை அம்புருஷ் பிரபுவின் சிலையைத் திறக்கிறோம். 1347-ல் அரசர் இந்தக் கிராமத்தையும் கோபுரத்தையும் மூன்று மாவு ஆலைகளையும் 'தெமெதெர் பிரபுவின் மெய்யான மகனும் வாரிசுமானவருக்கு' என்று சாசனம் செய்து கொடுத்தார் அல்லவா, அந்த மகன்தான் இவர். சாசனத்தின் நகல் மாவட்ட ஆவணக் காப்பகத்திலிருந்து என் கைக்கு வந்து ஒரு வருஷம் ஆகிறது. எனக்கு லத்தீன் தெரியாதுதான். ஆனால் பாதிரியார் முதல் மூன்று வரிகளை வாசித்துச் சொன்னார், மீதியை நானே ஊகித்துவிட்டேன். மகனுடைய பெயர் மட்டும் மடிப்பில் அழிந்திருந்தது. நம் வீட்டில் மூத்த பிள்ளைக்கு வழிவழியாக அம்புருஷ் என்றுதான் பெயர் வைப்போம் என்பதால் அதையே நிரப்பினேன். இதில் தப்பு வர வழியே இல்லை.

சிலை செதுக்கியவன் மேலத்தெரு தோபியாஷ். பிரபு என்றால் குதிரைமேல்தான் இருக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னேன், அவனும் தலையை ஆட்டினான், ஆனால் தாடிக்கே மூன்று வாரம் எடுத்துக்கொண்டான் (தாடிக்கு மாதிரியாக உட்கார்ந்தது நான்தான், கழுத்து இன்னும் திரும்பவில்லை), கடைசியில் ஓக் மரம் போதாமல் குதிரை கன்றுக்குட்டி அளவுக்குத்தான் வந்தது, பிரபுவின் இரண்டு காலும் தரையில் தட்டுகின்றன. "இதுக்கு அவரு நடந்தே போயிருக்கலாமேப்பா" என்றாள் பிரோஷ்கா. வரலாற்றைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும். போன சனிக்கிழமை சிலையை டிராக்டர் வண்டியில் ஏற்றிக் கோயிலுக்குக் கொண்டுபோனோம், நான் முன்னால் நின்று "வா, வா, இன்னும் வா" என்று கை காட்டினேன், வாள் கோயில் வாசல் வளைவில் மாட்டி முறிந்தது, வளைவிலிருந்து ஒரு கல் விழுந்தது, பாதிரியார் லத்தீனில் ஏதோ சொன்னார், அது ஜெபம் மாதிரி இல்லை. பிறகு பிரோஷ்கா டிராக்டரில் ஏறி, என்னைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, ஒரே மூச்சில் பின்னால் எடுத்துப் பிரபுவை மீட்டாள். வண்டி ஓட்டுவதில் கெட்டிக்காரிதான், அதை நான் மறுக்கவில்லை.

இப்போது உன் காரியம். எனக்கு ஆண் பிள்ளை இல்லை என்பது உனக்குத் தெரியும். கோபுரமேட்டுத் திராட்சைத் தோட்டமும் சாறு பிழியும் கொட்டகையும் நம் குடும்பத்தில் அறுநூற்றெழுபது வருஷத்துக்கு மேலாக மகனுக்கு மகன் என்றே வந்திருக்கின்றன. ஆகவே அவற்றை உன் பேருக்கு எழுதிவைக்க முடிவு செய்துவிட்டேன். வெள்ளிக்கிழமை பத்திரம் எழுதும் வக்கீலிடம் போகிறேன். ஞாயிறு காலை சிலைக்கு முன்னால், ஊர் பார்க்க, கொட்டகைச் சாவியை உன் கையில் கொடுப்பேன். உனக்குக் குளவி என்றால் பயம் என்று தெரியும். பழகிவிடும்.

பிரோஷ்காவை நினைத்து நீ சங்கடப்பட வேண்டாம். முப்பத்தாறு வயதாகிறது, அவளுக்குத் தெரிந்ததெல்லாம் கொடிகளைக் கவாத்து செய்வது, மருந்தடிப்பது, ஆள் கூட்டி அறுப்பது, சாறு பிழிவது, பீப்பாயைப் பக்குவமாகப் பார்த்துக்கொள்வது, இவ்வளவுதான். மற்றபடி தோட்டத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. நேற்று அவளிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"அந்த மேட்டுல ஒவ்வொரு கொடியும் என் கைப்பட வளர்ந்ததுப்பா. கெல்லெர்டுக்கு எது கொடி எது களைன்னாவது தெரியுமா?" என்றாள்.

"மகனுக்குன்னு அரசரே எழுதியிருக்காரு. அத மாத்த நான் யாரு?"

அவள் கத்தரியை எடுத்துக்கொண்டு மேட்டுக்குப் போய்விட்டாள். எத்தெல்கா மட்டும், "ஏங்க, உங்களுக்கு மூளைன்னு ஒண்ணு இருக்கா, இல்ல அதுவும் சாசனத்துல அழிஞ்சு போயிடுச்சா?" என்றாள். நான் குடும்பத் தலைவன், பொறுத்துக்கொண்டேன்.

ஆகவே சனிக்கிழமை பேருந்திலேயே வந்துவிடு. கொடிகளைக் காக்கும் புனித ஊர்பான் உன்னையும் காக்கட்டும். நம் குலம் உன்னால் தழைக்கட்டும்.

இப்படிக்கு,
உன் மேல் மலையளவு நம்பிக்கை வைத்திருக்கும் பெரியப்பா,
அம்புருஷ் கெரெக்வாரி.

பின்குறிப்பு (வெள்ளி மாலை): கடிதத்தை உறையில் போட்டு ஒட்டியாகிவிட்டது, இன்னும் தபாலில் சேர்க்கவில்லை, இனி நாளைக் காலைப் பேருந்து ஓட்டுநரிடம்தான் கொடுத்தனுப்ப வேண்டும். அதற்குள் நேற்று ஆவணக் காப்பகத்து அம்மாள் ஹெத்விக் பேருந்தில் வந்து இறங்கினார். அழிந்த எழுத்தை ஏதோ விளக்கு வைத்துப் படமெடுத்து வாசித்துவிட்டாராம்.

"ஐயா, தெமெதெர் பிரபுவுக்கு ஆம்பளப் பிள்ளையே கிடையாது" என்றார்.

"மெய்யான மகன்னு எழுதியிருக்கேம்மா."

"அதைத்தான் சொல்றேன். அந்தக் காலத்துல ஆண் வாரிசு இல்லாம பிரபு செத்துட்டா நிலம் பூரா அரசருக்குப் போயிடும். அதத் தடுக்க, மகளையே மகன்னு அரசர் சாசனம் பண்ணிக் குடுப்பாரு. நம்ம நாட்டுச் சட்டத்துல அப்படி ஒரு வழக்கம் இருந்துச்சு. உங்க மெய்யான மகன் பேரு க்லாரா."

"மகனாக்கினாரா... எப்படி?"

"காகிதத்துல ஐயா. வேற எப்படி?"

நான் பீப்பாய்மேல் உட்கார்ந்துவிட்டேன். எத்தெல்கா ஒரு குவளை பாலிங்கா சாராயம் கொடுத்தாள், ஒரே மடக்கில் குடித்தேன். க்லாராவைக் கட்டிக்கொண்டவன் வெளியூர்க்காரனாம். நம் குடும்பப் பெயரே அவன் அவளிடமிருந்து வாங்கியதாம். தோபியாஷிடம் தாடியைச் செதுக்கி எடுக்கச் சொன்னேன். "தாடிய எடுத்தா பின்னாடி முகமே இல்லண்ணே" என்கிறான். ஆகவே தாடி அப்படியே இருக்கும். சிலைக்குக் கீழே உள்ள பலகையில் மட்டும் 'க்லாரா, தெமெதெர் பிரபுவின் மகன்' என்று மாற்றி எழுதிவிட்டோம். வரலாற்றுப்படி அது முழுக்கச் சரி என்று ஹெத்விக் அம்மாளே சொன்னார்.

உடனே நான் மேட்டுக்குப் போனேன். பிரோஷ்கா கூடைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். தொப்பியைக் கழற்றி, க்லாராவின் கதையைச் சொல்லிவிட்டு, குடும்பத் தலைவன் என்ற முறையில், இன்று முதல் அவளை என் மகனாக ஆக்குகிறேன் என்று அறிவித்தேன். அவள் காலில் விழுவாள் என்று நினைத்தேன்.

"அந்தம்மாவுக்கு நிலத்தக் காப்பாத்த மகனாக வேண்டியிருந்துச்சு. பாவம், வேற வழி இல்ல. எனக்கு எதுக்குப்பா?" என்றாள். "மகளுக்குன்னு எழுதுறதா இருந்தா எழுதுங்க. இல்லன்னா கெல்லெர்டுக்கே குடுங்க, நான் டவுன்ல வேலை பாத்துக்கறேன்."

சொல்லும்போது அவள் குரல் உடைந்தது. பிறந்ததிலிருந்து அவள் அழுது நான் பார்த்தது இல்லை. கழற்றிய தொப்பியைத் தலையில் வைக்காமலே மேட்டிலிருந்து இறங்கினேன்.

இன்று காலை வக்கீலிடம் போனேன். உறவுமுறை என்ன என்று கேட்டுப் பேனாவைத் தூக்கினான். நான் அதை அவன் கையிலிருந்து வாங்கி, 'மகள்' என்று நானே எழுதினேன்.

நீ ஞாயிற்றுக்கிழமை வருவதானால் அவளைக் கேட்டுக்கொண்டு வா. அது அவள் தோட்டம்.